நிலாத் தட்டில் ஏறிய சண்முகத்தாய்

செவல்குளத்தில் அந்த வருஷம் வெயில் வழக்கம்போல அடித்தது, குழாயில் தண்ணீர் வழக்கம்போல வரவில்லை, ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகள் வழக்கம்போல ஆடி மாதத்துக்காகக் கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றன, சத்துணவுக்கூடத்துச் சண்முகத்தாய் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு நிலாவின் எடையோடு வீடு திரும்பினாள்.

அவள் மகள் பூரணிக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாள் என்று கேட்ட எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: பிடிக்கல. ஊருக்கு அது போதவில்லை. வாத்தியார் அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பையன் பின்னால் சுற்றியிருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் பேயாவது பிடித்திருக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குக் கால் மரத்துப்போனது, எழுந்து வந்துவிட்டாள், அவ்வளவுதான். இப்போது அப்பா மந்திரமூர்த்தியின் லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறாள். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறி இறக்கிவிட்டு, காலிக் கேனை விரலில் மாட்டிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குவாள். அந்த இறக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் ஊர் நம்பவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போகக் காரணம் தம்பி கவின். மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான். கோடை விடுமுறையில் கூடப்படிக்கிற எல்லாரும் போய்வந்துவிட்டார்கள், நான் மட்டும் போகவில்லை என்று சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் அழுத அழுகையில் மந்திரமூர்த்தி கேன்களை இறக்கிவிட்டு, ஆட்டோவின் பின்னால் பாயை விரித்து, மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகரத்துக்குக் கிளம்பினான். சண்முகத்தாய் அவன் பக்கமாகப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் ஆட்டோ அந்தப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது. அது எப்போதும் தாழும்.

அங்கே எல்லாவற்றையும் தொடலாம் என்று வாசலிலேயே பெரிதாக எழுதியிருந்தார்கள். மந்திரமூர்த்தி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கவினுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சுவரில் மாட்டியிருந்த பல்சக்கரங்களைச் சுற்றினான், மிதித்தால் பல்பு எரிகிற சைக்கிளை மிதித்தான், ஆளுயரச் சோப்புக் குமிழிக்குள் நின்று அது உடைகிறவரை மூச்சை அடக்கினான். பூரணி ஒரு கப்பி நாற்காலியைக் கண்டுபிடித்தாள். உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்து நம்மை நாமே மேலே தூக்கிக்கொள்ளலாம். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று முனகுவதைக் கண்டுகொள்ளாமல் அவள் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பள்ளிக்கூடத்தில் இதே கப்பியைப் படமாக வரையச் சொல்லி ஒரு வாரம் உயிரை வாங்கினார்கள். கயிற்றைக் கையில் கொடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சண்முகத்தாய் எதையும் தொடவில்லை. அவளுக்கு முட்டிவலி. பத்து வருஷமாகச் சத்துணவு அண்டாவின் முன்னால் நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒவ்வொரு தரமும் ஒரே மருந்தை எழுதி, ஒரே வார்த்தையைச் சொல்வாள்: எடையக் குறைங்கம்மா. எப்படிக் குறைப்பது என்று இவள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எங்கே உட்காரலாம் என்று தேடிக்கொண்டே போனவள் கடைசிக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

அந்தக் கூடத்தில் தரையோடு தரையாக எடைபார்க்கிற தட்டுகளைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர். பூமி, நிலா, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. எந்தத் தட்டில் ஏறுகிறோமோ அந்த உலகத்தில் நம் எடை என்ன என்று சுவரில் சிவப்பு எண் எரியும். பிள்ளைகள் செருப்புக் காலோடு தொப்புத் தொப்பென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய்க்கு மேலெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. செவ்வாயும் புதனும் வியாழனும் வெள்ளியும் சனியும் வரிசையாக இருக்கிற இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தட்டுகளைச் சுற்றி வலமாக நடந்தாள், வலிக்கிற காலோடு ஒன்பது சுற்று.

நீலச் சட்டை போட்ட வழிகாட்டிப் பெண் ஜெனிட்டா ஓடிவந்தாள். "செருப்போடயே ஏறலாம்க்கா. இது சும்மா மெஷின்."

"இருக்கட்டும்மா," என்றாள் சண்முகத்தாய்.

சுற்றி முடித்ததும் நிலாத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே ஏறினாள். கண்ணை மூடிக் கையைக் குவித்து என்னவோ முணுமுணுத்தாள். சுவரில் பன்னிரண்டு என்று எரிந்தது. பூமித் தட்டில் அவள் எழுபத்திரண்டு. இறங்கி வந்து செருப்பை மாட்டினாள். பூரணி அப்போது இன்னும் கப்பியில்தான் இருந்தாள், இதில் எதையும் பார்க்கவில்லை.

முதலில் தெரிந்துகொண்டது மந்திரமூர்த்தி. வீட்டுக்குக் கிளம்புகையில் பாயில் ஆட்கள் ஏறுவதற்காகக் காத்திருந்தவன், ஆட்டோ தாழாததால் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"ஏறிட்டியா இல்லையா?"

"ஏறி எவ்வளவு நேரமாச்சு."

"எங்க ஏறுன? வண்டி அப்படியே நிக்கி."

திரும்பிப் பார்த்தான். சண்முகத்தாய் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆள் இளைக்கவில்லை, இடுப்பு அதே இடுப்பு, கன்னம் அதே கன்னம். வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோது மட்டும் அவள் மேலே போனாள், போனவள் சாவகாசமாக இறங்கிவந்தாள். கவின் கைதட்டிவிட்டு இன்னொரு வேகத்தடை கேட்டான்.

மறுநாள் ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டு. கடைக்காரர் தராசைத் தட்டிப்பார்த்தார், அரிசி மூட்டையை வைத்துப்பார்த்தார், தன் தராசில் குறை இல்லை என்று எல்லார் முன்னாலும் நிரூபித்ததில் அவருக்கு ரொம்பத் திருப்தி. டாக்டரம்மா அவளை எடை பார்த்துவிட்டு, "நல்லாக் குறைச்சிருக்கீங்க, இதோட நிறுத்திக்கோங்க," என்றாள். பஸ் கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்து, டிக்கெட் ஆளுக்குத்தானே ஒழிய எடைக்கு இல்லை என்று முழு டிக்கெட் கிழித்தார். கிரகத்தைச் சுற்றினாள், வேண்டினாள், கிடைத்தது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. போகும்போதே அவளை எதற்குப் பயன்படுத்தலாம் என்றும் யோசித்துக்கொண்டு போனது.

ஊர்ப் பையன்கள் மொட்டைமாடித் தொட்டிக்குள் அடித்த பந்தை எடுத்துத்தர சண்முகத்தாய் போனாள். கேபிள்காரர் கம்பத்தில் ஏணி சாய்ப்பதை நிறுத்திவிட்டு, "மதினி, அந்த ஒயரை மட்டும் ஒரு தட்டு தட்டிட்டு வாங்க," என்றார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிறவர்கள் கோபுரத்து உச்சியில் குழல் விளக்கை மாட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் எல்லாரிடமும் போனாள். காம்பவுண்டுச் சுவரை ஒரு எட்டில் தாண்டினாள். வேப்பமரத்துக் கிளையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். முட்டி வலிக்கவில்லை. அம்மா சிரிக்கும்போது தொண்டையில் ஒரு கரகரப்பு வரும் என்பதே பூரணிக்கு அந்த மே மாதத்தில்தான் தெரிந்தது. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறும்போது, இன்னொரு தோளில் அம்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவாள். கேன்தான் கனத்தது.

"என்ன ஏட்டி, மூச்சு வாங்குது?"

"நீ பேசாம வந்தா வாங்காது."

"பேசத்தான வந்தேன்."

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் அருங்காட்சியகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். சர்க்கரைக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், ஒரு கல்யாணத்தரகர், மூன்று போலீஸ்காரர்கள். நிலாத் தட்டின் முன்னால் எலுமிச்சம்பழம் குவிந்தது. ஜெனிட்டா ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாறாமல் விளக்கினாள், இது வெறும் கணக்கு, உங்கள் எடையை ஆறால் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான் என்று. அவர்கள் கைகூப்பியபடியே தலையாட்டிக் கேட்டுவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று அவளிடமே கேட்டார்கள். பிறகு நிர்வாகமே ஒரு செருப்பு அலமாரி வைத்தது. சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது, பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் நேர்ந்துகொண்டது பத்தவில்லை என்று ஊர் சொன்னது.

அப்படியானால் சண்முகத்தாய் என்ன நேர்ந்துகொண்டாள் என்ற கேள்வி அப்போதே வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை. பூரணிக்கும் வரவில்லை. அவசரக்காரிக்கு நேரே கண்ணில் படுவதுதான் கடைசியில் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. சண்முகத்தாய் சத்துணவு அண்டாவின் முன்னால் நின்று கரண்டியைச் சுற்றினாள், சாம்பார் நின்ற இடத்தில் நின்றது, அவள்தான் அண்டாவைச் சுற்றிவந்தாள். தலைமையாசிரியை தினம் இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளப் போட்டாள். அந்த வேலைக்குப் பிள்ளைகளிடையே அடிதடி நடந்தது. முதல் வாரம் அதில் தமாஷ் இருந்தது. இரண்டாம் வாரம் இரண்டு பிள்ளை போதவில்லை. மளிகைக்கடைக்காரர் பழைய எடைக்கல்லைக் கொடுத்தார், மந்திரமூர்த்தி அதைத் துணியில் முடிந்து அவள் இடுப்பில் கட்டினான். அடுத்த வாரம் இன்னொரு கல். அதற்கடுத்த வாரம் ரேஷன் தராசில் நின்றபோது, கல் இல்லாமல், முள் அசைந்து பார்த்துவிட்டு எழுந்திருக்காமலே படுத்துக்கொண்டது.

பூரணிதான் அதைக் கவனித்தாள். கேன் இறக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், பிரார்த்தனை மணி அடிக்க, அண்டாவின் பக்கத்தில் நின்ற அம்மாவின் பாதம் தரையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது. மணி நின்றதும் எழும்புவதும் நின்றது. ஆனால் எழும்பியது இறங்கவில்லை. மறுநாளும் போய் நின்று பார்த்தாள். அதே மணி, இன்னொரு விரல்கடை. சனி ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை மறுபடி.

அன்று சாயங்காலம் அடுப்படியில் கேட்டாள். சண்முகத்தாய் தரையை உதைத்து எம்பி, கூரைப் பக்கம் அஞ்சறைப்பெட்டியோடு நின்று, அதாவது மிதந்து, கடுகு தேடிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அன்னைக்கு நிலாட்ட என்ன கேட்ட?"

"எடையக் குறைன்னு கேட்டேன்."

"அது சரி. என்ன தாரேன்னு சொன்ன?"

கடுகு டப்பா திறந்து மூடியது.

"எம்மா."

"உன்னத்தான்." சண்முகத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்ன மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்னு சொன்னேன்."

"என்னைக் கேட்டியா?"

"உன்னைக் கேட்டா நீ மாட்டேம்ப."

"அப்ப கேக்கத்தான செய்யணும்?"

"நான் என்ன, உன்னக் கடல்லயா தள்ளுதேன்னு நேந்தேன்? படின்னுதான நேந்தேன். தினமும் நானூறு பிள்ளைக்குச் சோறு போடுதேன். எல்லாம் உண்டுட்டு வகுப்புக்குப் போகுது. எம்பிள்ளை தண்ணிக் கேனோட அதே வாசல்ல வந்து நிக்கி. டீச்சர்மாரு என்னைப் பாக்காத மாதிரிப் பாக்காங்க. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு நிக்கிறது கஷ்டமா இல்ல."

"எனக்கு இருக்கு."

பூரணி வெளியே போய்க் காலிக் கேன்களை எல்லாம் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள்.

இந்த மாதிரி விஷயம் செவல்குளத்தில் அடுப்படியோடு நிற்காது. காலையில் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை சண்முகத்தாயின் எடை என்ற ஒரே ஒரு காரியம் இருந்தது, இப்போது பூரணி என்ற காரியமும் சேர்ந்துகொண்டது. கேன் வாங்குகிற வீடு ஒவ்வொன்றிலும் கதவைத் திறந்ததும் முதல் பேச்சு அதுதான். "போய்த் தொலையேன் புள்ள, ரெண்டு வருஷந்தான." "பெத்தவ பறந்துருவா, நீ கேன் தூக்கிட்டுத் திரிவியா?" தையல்கார அக்கா அளவுகூட எடுக்காமல் ஒரு சீருடை தைத்து அனுப்பினாள். தலைமையாசிரியை வருகைப்பதிவில் பெயரைத் திரும்பச் சேர்த்து, ஜன்னலோர இடம் ஒன்றைக் காலியாக வைத்தாள். ஆடி பிறக்கப் பதினைந்து நாள்கூட இல்லை. ஆடிக்காற்றில் செவல்குளத்தில் தகரக் கூரை பறக்கும், சின்ன ஆட்டுக்குட்டியைக் கட்டித்தான் போட வேண்டும். காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்த அன்று சண்முகத்தாயை எந்தக் கல்லும் பிடித்துவைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சண்முகத்தாயைப் பார்க்கவில்லை. பூரணியைப் பார்த்தார்கள்.

பூரணி ஒரு நாள் போனாள்.

சீருடை அக்குளில் இறுக்கியது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். எவளும் கேலி பண்ணவில்லை, டீச்சர் அன்பாகத்தான் பேசினாள், மதியம் அம்மா மிதந்துவந்து அவள் தட்டில் மட்டும் இரண்டு முட்டை வைத்தாள். கடைசி மணி அடித்தபோது சண்முகத்தாயின் இரண்டு பாதமும் தரையில் இருந்தன. ரேஷன் தராசு ஐந்து காட்டியது. கூடியிருந்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். ஐந்து கிலோவில் முட்டி வலிக்காது, காற்றும் தூக்காது என்று மந்திரமூர்த்தி கணக்குப்போட்டு மகிழ்ந்தான். அம்மாவின் முகத்தைப் பூரணி பார்த்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவள் பார்த்ததில்லை, வேப்பமரத்துக் கிளையில்கூட.

அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது. போனால் நடக்கும். போய்க்கொண்டே இருந்தால் நடந்துகொண்டே இருக்கும். பிறகு ப்ளஸ் டூ, பிறகு காலேஜ், பிறகு மாப்பிள்ளை. அம்மா எங்கேயாவது ஒரு தட்டில் ஏறிக் கண்ணை மூடினால் போதும், இவள் எழுந்து போக வேண்டும். காலையில் அலமாரியில் சீருடையை மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?" என்றான் மந்திரமூர்த்தி.

"கேன் போட."

"அம்மா?"

"அம்மாவுக்கு வழி பண்ணுதேன். ஆனா இந்த வழி இல்ல."

அன்று மணி அடித்தபோது ஐந்தும் போயிற்று. சண்முகத்தாய் மகளோடு பேசுவதை நிறுத்தினாள். பூரணி அவளை ஆட்டோவில் போட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் வியாழன் தட்டில் ஏற்றினாள், அதில்தான் எல்லா எண்ணையும்விடப் பெரிய எண் எரியும். சண்முகத்தாய் ஏறி நின்று, கையைக் குவிக்காமல், வாயைத் திறக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கினாள். வேண்டாமல் எப்படி நடக்கும்?

வழி பூரணிக்குக் கிடைத்தது மாட்டுத்தீவனக் கடையில். கேன் இறக்கிவிட்டுத் திரும்புகையில் தவிட்டுமூட்டை தடுக்கிற்று, மூட்டையைப் பார்த்தாள், கவின் ஞாபகம் வந்தது. கவின் கைப்பிள்ளையாய் இருந்தபோது காய்ச்சல் வந்து பிழைப்பானா என்று ஆகிவிட்டது. அம்மன் கோயில் படியில் கிடத்தி, இனி இது உன் பிள்ளை என்று கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியதும் பூசாரியிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்து, அவர் "தந்தோம், எடுத்துக்கோ" என்று சொல்ல, பிள்ளையைத் திரும்ப வாங்கிவந்தார்கள். செவல்குளத்தில் பாதிப் பேர் இப்படித் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகள்தான். கொடுத்த பிள்ளையை வாங்கலாம் என்றால், நிலாவுக்குக் கொடுத்த பிள்ளையையும் வாங்கலாம்.

ஊர் கூடிப் பேசியது. வாங்கலாம், தப்பில்லை, ஆனால் பெற்றவள்தான் வாங்க வேண்டும் என்றார்கள்.

"நான் வாங்க மாட்டேன்," என்றாள் சண்முகத்தாய், விட்டத்திலிருந்து ஊரைப் பார்த்து.

"அப்ப நானே வாங்கிக்கிடுதேன்," என்றாள் பூரணி.

"தன்னைத் தானே வாங்குனவ எவ இருக்கா?" என்று ஊர் கேட்டது.

"இனிமே இருப்பா."

ஆடி பிறந்தது. விடியும்போதே காற்றாலைகள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன, முதலில் மேற்கே ஒன்று, பிறகு வரிசை முழுக்க. சண்முகத்தாய் நிரம்பிய கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், மந்திரமூர்த்தி லோடு கட்டுகிற கயிற்றால் அவளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தான், கவின் ஒரு காலையும் பூரணி ஒரு காலையும் பிடித்துக்கொண்டார்கள், ஆட்டோ காற்றை எதிர்த்துப் போகப் போக அவள் முந்தானை பின்னால் எழும்பிக் கொடியாக அடித்தது. பின்னால் இரண்டு வேனில் ஊர் வந்தது. யாரும் கூப்பிடவில்லை, வந்தார்கள். ஒரு வளைவில் கயிறு நெகிழ்ந்து சண்முகத்தாய் முழங்கால் உயரம் எழும்பியபோது பூரணி கையை விடவில்லை, தோள்பட்டை பிசகியதுபோல் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து உட்காரவைத்தாள். அப்போதுதான் அம்மா பல நாளைக்குப் பிறகு மகளிடம் வாயைத் திறந்தாள்.

"இப்பிடியே விட்டுரு ஏட்டி. வலியில்லாம இருக்கேன்."

பூரணி நெகிழ்ந்த கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். வலி வராது என்று சொல்ல முடியாது.

"வலிக்கும்," என்றாள். "ஆனா இங்க இருப்ப."

கூடத்தில் பிள்ளைகள் தட்டுகளில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகத்தாய் ஓரத்துக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள், கால் இரண்டும் பின்னால் மேலே போயின, அப்படியே கிடைமட்டமாக மிதந்தாள். பூரணி மஞ்சள் பையில் ஒரு படி தவிட்டோடு நிலாத் தட்டில் ஏறினாள். செருப்பைக் கழற்றவில்லை. சுற்றவும் இல்லை. ஊர் முணுமுணுத்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கம்மா முட்டி வலிக்குதுன்னு உங்கிட்ட கேட்டா," என்று எரிகிற எண்ணைப் பார்த்துச் சொன்னாள். "நீ குடுத்த. அது உன் நல்ல குணம். ஆனா பதிலுக்கு அவ தாரேன்னு சொன்னது அவ சாமான் இல்ல, நான். என்னை யாரும் கேக்கல. நீயும் கேக்கல. இந்தா தவிடு. என்னை நான் வாங்கிக்கிடுதேன்."

பையைத் தட்டில் வைத்தாள். எண் கொஞ்சம் ஏறியது, நின்றது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஊர் காத்திருந்தது. அப்புறம் வேனில் வந்த தீவனக் கடைக்காரர்தான் சொன்னார், தந்தோம் என்று ஒரு வாய் சொல்லாமல் வாங்கினதாக ஆகாது, கோயில் என்றால் பூசாரி உண்டு, நிலாவுக்கு யார்?

எல்லாரும் ஜெனிட்டாவைப் பார்த்தார்கள். அவள் நீலச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவக்கா."

"தட்டப் பாத்துக்கிறது நீதான?" என்றாள் பூரணி.

"பாத்துக்கிறது நாந்தான். ஆனா இது ஆறால வகுக்கிற மெஷினு."

"வகுத்துட்டுப் போகுது. என்னைத் தந்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு. பின்னால பிள்ளைங்க நிக்கி."

உண்மையிலேயே நின்றார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசை கூடத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. ஜெனிட்டா வரிசையைப் பார்த்தாள், கம்பியில் மிதக்கிற பொம்பளையைப் பார்த்தாள், குனிந்து தவிட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சரி, தந்தாச்சு," என்றாள். "எறங்குங்க."

பூரணி தட்டிலிருந்து காலை எடுத்தாள், கம்பிப் பக்கம் சண்முகத்தாய் தொம்மென்று விழுந்தாள்.

விழுந்த சத்தத்தில் சுவரெல்லாம் அதிர்ந்து எல்லாக் கிரகங்களின் எண்களும் ஒரு தரம் எரிந்து அணைந்தன. எழுபத்திரண்டு கிலோவும் மொத்தமாக வந்திருந்தது, இரண்டு முட்டியிலும் வந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊர் பாதிச் சந்தோஷமும் பாதி ஏமாற்றமுமாகக் கலைந்தது, கேபிள்காரர் இனி ஏணி வாங்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். பூரணி பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பொய்யாகிவிடும்.

"இப்ப சந்தோசமாட்டி உனக்கு?"

"இல்ல."

"பின்ன?"

"நாளைக்கு முட்டி டாக்டருட்டப் போறோம். பெரியாஸ்பத்திரிக்கு. அப்பா வேண்டாம், நான் கூட்டிட்டுப் போறேன். எத்தன தரம் வரச் சொன்னாலும் போவோம்."

"பள்ளிக்கூடத்துக்கு?"

"போக மாட்டேன்."

சண்முகத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள், பூரணி அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள், ஒரே மூச்சில் தூக்க முடியவில்லை, இரண்டாவது மூச்சில் எழுந்தாள். வாசலில் இறங்கு படிகள். ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சண்முகத்தாய் மகளின் தோளில் கையைப் போட்டு, முதல் படியில் ஒரு காலை வைத்து, வலியில் நின்றாள்.

"கனக்கேனா?"

"ஆமா, கனக்க."

அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள், வேண்டுமென்றே, முழுப் பாரத்தையும் போட்டு. பூரணி காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவளைத் தாங்கி, அடுத்த படியில் இறக்கினாள்.